சந்துக்கு ஏற்ற ஷெட்

தம்பி கடைசியாக அண்ணனை அடித்தது ஒரு பூந்தொட்டியால். அதற்கு முந்தைய தடவை தண்ணீர்க் குழாயால், அதற்கும் முந்தைய தடவை வெறுங்கையால். ஆயுதம் படிப்படியாக ஏறிக்கொண்டே போகிறதே, அடுத்தது என்னவாக இருக்கும் என்று தலையில் கட்டுடன் படுத்திருந்த தையல்கார அண்ணன் யோசித்தார். தம்பி வேலை பார்க்கும் டயர் கடையின் மூலையில் கிடக்கும் சம்மட்டி கண் முன்னால் வந்து நின்றது. எழுந்து உட்கார்ந்து, தோட்டத்துக்கு ஒரு ஷெட் வாங்கப் போவதாக மனைவியிடம் அறிவித்தார். அடி மூளைக்கு இறங்கிவிட்டது என்று அந்த அம்மாள் நினைத்ததில் தப்பில்லை.

ஆனால் மனிதர் தெளிவாகத்தான் இருந்தார். அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியவர். ஒட்டிக் கட்டியிருந்தால் ஒரு சுவர் மிச்சம். அவரோ காற்று வரட்டும் என்று நடுவில் ஒரு சந்து விட்டார். தெருவில் அகலமாகத் தொடங்கி, நடுவில் சுவர்கள் தொந்தி தள்ளி, போகப் போக ஒடுங்கி, மூத்தவர் வீட்டுப் பின்வாசலிலும் அதை ஒட்டிய சின்னத் தோட்டத்திலும் போய் முடிகிற சந்து. பத்திரப்படி அது மூத்தவருக்கு. காற்று வந்ததோ இல்லையோ, தம்பி வந்தான்.

தம்பியை ஊரில் ஜாக்கி என்பார்கள். ஒரு தடவை அவசரத்துக்கு வண்டி தூக்கும் ஜாக்கி கிடைக்காமல் ஒரு காரின் பின்பக்கத்தைக் கையாலேயே தூக்கிப் பிடித்தானாம். அந்தக் கைக்கும் ஒரு நாகரிகம் இருந்தது. அண்ணன் வீட்டு முன்னறைதான் தையல் கடை. வாடிக்கையாளர் முன்னால் அண்ணன் மேல் கை வைத்தால் குடும்ப மானம் போய்விடும் என்பதால், கோபம் வந்தால் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கு வருவான். "அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க" என்று மரியாதையாகக் கூப்பிடுவான். அடிக்கும்போதும் மரியாதை குறையாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு அண்ணே. காரணம் கேட்டால் சந்து அண்ணனுக்குப் போனதைச் சொல்வான், தோட்டத்தைச் சொல்வான், அதுவும் தீர்ந்துபோனால் அண்ணன் தன்னைப் பார்த்த பார்வையைச் சொல்வான்.

வாங்கிக்கொண்டே இருக்கவில்லை தையல்காரர். சந்தின் வாயில் இரும்புக் கதவு போட்டார். கீலோடு பிடுங்கி எறிந்தான். சுவர் எழுப்பினார், சிமெண்ட் காய்வதற்குள் உதைத்துத் தள்ளினான். மறுபடி எழுப்புவதென்றால் இரண்டு வீட்டையும் தொடுகிற சுவர், தம்பி கையெழுத்து வேண்டும் என்று நகராட்சி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். தம்பி அதுவரை கையெழுத்துப் போட்டது அண்ணன் உடம்பில் மட்டும்தான். போலீஸுக்குப் போனார், போலீஸ் வந்து தம்பியோடு டீ குடித்துவிட்டுப் போனது.

முதுகில் அடி விழுந்தால் குனிந்து தைக்கலாம். தலையில் விழுந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு தைக்கலாம். இடது கைச் சுண்டுவிரல் தம்பியின் புண்ணியத்தில் ஏற்கெனவே மடங்காது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டு தைக்கக் கற்றுக்கொண்டாயிற்று. வலது கை மட்டும்தான் முழுசாக இருந்தது. அது போய்விட்டால் கத்தரியும் இல்லை, கடையும் இல்லை, அடுப்பும் இல்லை. பூந்தொட்டி தலைக்கு வந்தபோது அவர் தலையைக் கொடுத்துக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தது அதனால்தான்.

ஷெட்டுக்குக் கையெழுத்து வேண்டாம். காய வேண்டிய சிமெண்டும் கிடையாது. பலகை பலகையாக வரும், ஒரு பொழுதில் எழுந்து நிற்கும். தோட்டச் சாமான் வைக்கிற ஷெட் என்றால் யாரும் கேள்வி கேட்க முடியாது. சந்துக்கு அடைப்பான் மாதிரி ஒன்றை வாங்கிச் செருகிவிட்டால் தீர்ந்தது கதை. கட்டோடு கிளம்பிப் போனார்.

ஷெட் கடை ஒரு திறந்த மைதானம். ஆள் குடியேறாத குட்டி ஊர் போல ஷெட்டுகள் வரிசையாக நின்றன. கடைக்காரர் வாயால் வாழ்கிற மனிதர். முதலில் இருபக்கமும் சரிந்த கூரையோடு அழகான ஒன்றைக் காட்டினார். குறுகலான இடம் என்றதும், கூரையின் விளிம்பு இரண்டு பக்கமும் சுவரில் இடிக்கும், வேண்டாம் என்று தானே ஒதுக்கினார். பக்கவாட்டில் கதவு வைத்ததும் உதவாது, திறக்க இடமிருக்காது. கதவு குறுகிய பக்கத்தில் இருக்க வேண்டும், கூரை ஒரே பக்கம் சரிய வேண்டும், நின்றால் அலமாரி மாதிரி நிற்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனவர், நடுவில் நின்று கேட்டார்.

"உள்ள என்ன சாமான் வைக்கப் போறீங்க?"

"உள்ள ஒண்ணும் வைக்கல. வெளியில ஒரு ஆளை வைக்கணும்."

கடைக்காரர் தலைக்கட்டைப் பார்த்தார். வியாபாரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிளாஸ்டிக்கில் நல்லது இருக்கிறது, துரு பிடிக்காது என்று ஆரம்பித்தார். ஒரு உதை விட்டுக் காட்டச் சொன்னார் தையல்காரர். கடைக்காரர் உதைத்தார், பிளாஸ்டிக் சுவர் குழிந்து, வெட்கமில்லாமல் மறுபடி நிமிர்ந்துகொண்டது. வேண்டாம். தகர ஷெட்டை உதைத்தார். ஊரையே கூட்டுகிற சத்தம், கால் அளவுக்கு ஒரு பள்ளம். வேண்டாம். தடித்த மரப்பலகை ஷெட் ஒன்று கோடியில் நின்றது. வியாபாரம் சூடு பிடித்துவிட்ட வேகத்தில் அதை ஓங்கி உதைத்த கடைக்காரர் அப்படியே குந்தி உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இதைக் கொடுங்க" என்றார் தையல்காரர்.

பிறகு பேரம். கடைக்காரர் வலியோடு இறங்க, தையல்காரர் இரக்கமில்லாமல் இறக்க, ஒரு கட்டத்தில் இதற்குக் கீழே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்றார் கடைக்காரர். அப்படியானால் இனாமாக ஒரு ஜன்னலாவது வைத்துத் தரும்படி கேட்டார் தையல்காரர். ஜன்னல் அவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும் வெறுங்கையோடு பேரத்தை முடித்துக்கொண்டு போவது எப்படி? தெருப்பக்கச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் என்று முடிவாயிற்று.

அகலத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள், அதற்கேற்ப அறுத்துத் தருகிறேன் என்றார் கடைக்காரர். இரண்டு பக்கமும் ஒரு கை போகிற இடைவெளி விடச் சொன்னார், மரத்துக்குக் காற்றுப் பட வேண்டுமாம். தையல்காரர் மறுத்துவிட்டார். கை போகிற இடைவெளியில் யாருடைய கை போகும் என்று அவருக்குத் தெரியும். இறுக்கமாக வேண்டும், உடம்போடு ஒட்டிய சட்டை மாதிரி.

இந்த இடத்தில்தான் தொழில் அவர் காலை வாரியது. தோளில் தொங்கும் துணி டேப்பை எடுத்துக்கொண்டு, தெருவோரத்து அகலத்தைத் தாண்டிச் சந்துக்குள் போய், சந்து என்பதும் ஒரு உடம்புதான் என்கிற நினைப்பில், மார்பு, இடுப்பு, அடி என்று மூன்று இடத்தில் அளந்தார். மூன்றில் பெரியதை எடுத்துக்கொண்டார். தொந்தி உள்ளவனுக்குத் தொந்தியைத்தானே கணக்கில் எடுக்க வேண்டும். அதன் மேல் தையலுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டார். காலமெல்லாம் வெளியிலிருந்து உடம்புக்கு அளந்த கைக்கு, உள்ளே நுழைகிற பொருளுக்குச் சின்ன அளவை எடுத்து அதிலும் குறைக்க வேண்டும் என்பது எட்டவில்லை. மனைவி ஒருமுறை பெரிசா இருக்கிற மாதிரி இருக்கே என்றாள். பெரிசா இருந்தா பிடிச்சுக்கலாம், சின்னதா இருந்தா என்ன பண்றது என்றார் தையல்காரர்.

ஜாக்கி டயர் கடைக்குப் போன பிறகு காலையில் பலகைகள் வந்து இறங்கின. கடைக்காரரும் அவருடைய தச்சரும் தெருமுனையில், சந்து அகலமாக இருக்கும் இடத்தில் வைத்தே ஷெட்டை இணைத்து நிறுத்தினார்கள். கதவு தோட்டத்தைப் பார்த்து, ஜன்னல் தெருவைப் பார்த்து. பிறகு அடியில் குழாய் உருளைகளைப் போட்டு உள்ளே தள்ளினார்கள். கொஞ்ச தூரம் மாப்பிள்ளை மாதிரி போன ஷெட், சுவர்கள் தொந்தி தள்ளும் இடத்தில் நின்றுவிட்டது. மூன்று பேரும் சேர்ந்து தோள் கொடுத்ததில் ஒரு பக்கமாகத் திரும்பி, கோணலாகச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் வராது, பின்னாலும் போகாது. தம்பி வீட்டுச் சுவர்ப் பக்கம் தெருவிலிருந்து ஆள் ஒருக்களித்து நுழைகிற மாதிரி ஒரு பிளவு; அது உள்ளே போகப் போக ஒன்றுமில்லாமல் மூடிக்கொண்டது. ஆக, வழி அடைபட்டது என்னவோ உண்மை.

கடைக்காரர் டேப்பால் தானும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, யார் எடுத்த அளவு என்று கேட்டார். தையல்காரர் வானத்தைப் பார்த்தார். கையால் இழைத்தால் நாளைக்குத்தான் முடியும், மிஷின் ரம்பம் கொண்டுவந்து ஓரத்தைச் சீவிவிடுகிறேன் என்று தச்சரையும் கூட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார் கடைக்காரர். கருவிப் பை தையல் கடைப் படியிலேயே கிடந்தது.

தையல்காரர் தோட்டத்துப் பக்கமாகப் போய் ஷெட்டின் கதவைத் திறந்து உள்ளே நின்றார். புது மர வாசனை. நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார், கெட்டி. வெகுநாளைக்குப் பிறகு முதுகைத் தளர்த்திக்கொண்டு, இனாமாக வந்த ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். ஜன்னலில் தம்பியின் முகம் இருந்தது. அண்ணன் சந்துக்குள் என்னவோ கட்டுகிறார் என்று யாரோ டயர் கடைக்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணே, இது என்னண்ணே?"

"ஷெட்டு. தோட்டத்துக்கு."

"தோட்டத்துக்கா? எனக்கா?"

பதிலுக்குக் காத்திராமல் கை உள்ளே வந்தது. காலரைப் பிடித்து இழுத்து முகத்தைப் பலகையில் மோதினான். மூக்கு உடைந்து ரத்தம் வாயில் இறங்கியது. சட்டை கிழிந்தால் தப்பிக்கலாம் என்று பின்னால் சாய்ந்து பார்த்தார். அவரே தைத்த காலர், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. இரண்டாவது மோதலில் முன்பல் ஒன்று ஆடியது. மூன்றாவதில் ஷெட் முழுவதும் அதிர்ந்தது. அப்போதும் அவர் வலது கையை இடுப்புக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்.

சத்தம் கேட்டு வந்த மனைவி ஒரு கணம் பார்த்தாள். திரும்பி ஓடினாள். கடையில் காய்ந்துகொண்டிருந்த இஸ்திரிப் பெட்டியை ஒயரைப் பிடுங்கி எடுத்து வந்து, ஜன்னலுக்குள் நீட்டியிருந்த கையின் மேல், கஞ்சி போட்ட காலரை அழுத்துவது போல அழுத்தினாள். தோல் பொசுங்கும் வாடை கிளம்பியது. ஜாக்கி அலறிய அலறலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. கை வெளியே போய்விட்டது.

வெந்த கையை உதறிக்கொண்டு அவன் தெருவில் நிறுத்தியிருந்த தன் வண்டிக்குப் போனான். டயரைக் கழற்றும் நீளமான இரும்புக் கம்பியோடு வந்தான். பலகையை இரண்டு போடு போட்டான். தடித்த மரம், கம்பிதான் துள்ளியது. அப்போதுதான் பிளவைப் பார்த்திருக்கிறான். நெம்புவது அவன் தொழில். தன் வீட்டுச் சுவரில் முதுகை உரசிக்கொண்டு ஒருக்களித்து உள்ளே நுழைந்து, ஷெட்டின் மூலையில் கம்பியைக் கொடுத்து, கார் தூக்கிய பலத்தையெல்லாம் திரட்டி ஒரு நெம்பு நெம்பினான்.

கோணலாக நின்ற ஷெட் கிறீச்சென்று நேராகத் திரும்பியது. திரும்பிய வேகத்தில் பிளவு இல்லாமல் போயிற்று. பிளவுக்குள் ஜாக்கி இருந்தான்.

தையல்காரர் கடை வழியாகத் தெருவுக்கு வந்து பார்த்தபோது, தம்பி சுவருக்கும் பலகைக்கும் நடுவே, அட்டைப் பெட்டிக்குள் மடித்துத் திணித்த கோட்டு மாதிரி இருந்தான். வலது கை உள்ளே எங்கோ. நெஞ்சு பாதிதான் ஏறி இறங்கியது. ஒரு கால் மட்டும் தெருப்பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டு, தரையைத் தேடி உதறியது.

"அண்ணே, தள்ளுங்க. மூச்சு முட்டுது."

தையல்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார். தள்ளத்தான் கையை வைத்தார். தம்பி பார்த்த பார்வையில் கை நின்றது.

"எதுக்கு யோசிக்கிறீங்க? வெளிய வந்ததும் அந்த வலது கையை மட்டும் உடைப்பேன். வேற எதையும் தொட மாட்டேன். சத்தியமா சொல்றேன்ணே, கை மட்டும்தான்."

மூச்சு விட இடமில்லாத இடத்திலிருந்துகொண்டு அவன் சலுகை விலை சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது நியாயமான விலைதான். உடம்பு முழுவதையும் கேட்க உரிமை உள்ளவன் ஒரு கையோடு விட்டுக்கொடுக்கிறானே. தையல்காரரும் பேரம் தெரிந்தவர். கருவிப் பையிலிருந்து தச்சரின் கனமான சுத்தியலை எடுத்து, எதிர்விலை சொல்வது போல, நீட்டியிருந்த முழங்காலில் இறக்கினார்.

ஜாக்கி கத்தவில்லை. வாயைத் திறந்தபடி அண்ணனைப் பார்த்தான். அண்ணனுக்கும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. இத்தனை காலம் ஒளித்து வைத்த கை, இவ்வளவு சுலபமாக இறங்கும் என்று அவருக்கே தெரியாது.

பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. தம்பி மனைவி. இடது கண்ணுக்குக் கீழே பழைய காயம் மஞ்சளாகி ஆறிக்கொண்டிருந்தது. தடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தையல்காரர் சுத்தியலைத் தாழ்த்தினார். அவள் புருஷனின் காலைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு போடுங்க மாமா" என்றாள், கறிகாய் நிறுக்கும்போது கொசுறு கேட்கிற குரலில். "அந்தக் காலாலதான் என்னை உதைப்பாரு."

அவர் போட்டார். இந்தத் தடவை உள்ளே ஏதோ உலர்ந்த குச்சி போல முறிந்தது. ஜாக்கியின் தலை சாய்ந்தது. விழுவதற்குக்கூட இடமில்லாமல் நின்றபடியே மயங்கிப்போனான்.

மிஷின் ரம்பத்தோடு வந்த கடைக்காரர் இதைப் பார்த்துவிட்டு ரம்பத்தை மெதுவாகக் கீழே வைத்தார். தச்சர் தோட்டத்துப் பக்கமாக உள்ளே போய் நட்டுகளைக் கழற்ற, பலகைச் சுவர் தளர்ந்து கொடுக்க, ஆளை வெளியே எடுத்தார்கள். தூக்கிக்கொண்டு போக ஷெட்டின் கதவுதான் உதவியது. ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, ஷெட் சாய்ந்துவிட்டது என்றார் தையல்காரர். என் ஷெட் சாயாது, அப்படி எழுதாதீங்க, கடைப் பேர் கெட்டுவிடும் என்று குறுக்கே விழுந்தார் கடைக்காரர். கண் விழித்திருந்த ஜாக்கி இருவரையும் பார்த்தான். தையல்காரன் கையால் ஜாக்கியின் கால் உடைந்தது என்று ஊர் பேசுவதைவிடச் சாவது மேல்.

"நானேதான் விழுந்தேன்" என்றான்.

கையில் கட்டும் காலில் மாவுக்கட்டுமாக அவனைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அவன் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினார்கள். கூப்பிட்டார்கள். ஜன்னலை அரையாகத் திறந்து தம்பி மனைவி சொன்னாள்: "அண்ணன் வீட்ல இருக்கச் சொல்லுங்க மாமா. வழிதான் திறந்தாச்சே, அவருக்குப் பழகின வழிதானே." ஜன்னல் மூடிக்கொண்டது. ஜாக்கி கதவை உடைப்பதாகச் சொன்னான். எதால் உடைப்பது என்று யோசித்தவன் போலப் பிறகு தன் இரண்டு கட்டுகளையும் பார்த்துக்கொண்டான்.

தெருவில் போட்டுவிட்டுப் போக முடியுமா? தையல்காரரின் மனைவி முடியும் என்றாள். கொண்டுவந்தால் நான் சமைக்க மாட்டேன், அவன் இருக்கிற அறைப் பக்கம் போக மாட்டேன் என்றாள். எல்லாவற்றையும் தையல்காரர் காதில் வாங்கிக்கொண்டார். பலகைகள் கழற்றிச் சாத்தியிருந்த சந்து வழியாக, எந்த ஆளை வெளியில் வைக்க அலைந்தாரோ அந்த ஆளைக் கதவில் படுக்கவைத்து, கடைக்காரர் ஒரு முனையும் தான் ஒரு முனையுமாகத் தூக்கிப் பின்வாசல் வழியே உள்ளே கொண்டுபோனார். துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் கட்டில் போட்டார். பலகைகளை என்ன செய்வது, திருப்பி எடுத்துக்கொள்ளவா என்று கேட்டார் கடைக்காரர். பாதி விலை சொல்லுவார் என்று தெரிந்ததால் தையல்காரர் இருக்கட்டும் என்றுவிட்டார்.

ஜாக்கிக்கு முதலில் சில நாள் வலி, பேச்சில்லை. வலி குறையக் குறைய வாய் வந்தது. தலையணை சரியில்லை, மிஷின் சத்தம் காதைத் துளைக்கிறது, சோற்றில் உப்பில்லை. தையல்காரரே சமைத்தார், தையல்காரரே ஊட்டினார், பாத்திரம் எடுத்து வைத்தார். கடைக்கு வந்தவர்கள் இப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஜாக்கி அதைக் கேட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான்.

ஒரு மத்தியானம் டீ ஆறிப்போயிருந்தது.

"அண்ணே, இது டீயா, கழுநீரா?" என்று கேட்டவன், பழக்கதோஷத்தில், கட்டுப் போடாத இடது கையை ஓங்கிவிட்டான்.

தையல்காரர் பின்னால் போகவில்லை. வலது கையை ஒளிக்கவுமில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துணியின் நயம் பார்க்கிறவர் போலக் குனிந்து, மாவுக்கட்டின் மேல், முழங்கால் இருக்கும் இடத்தில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினார். தம்பியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. ஓங்கிய கை அந்தரத்தில் கொஞ்சம் நின்று, தானாகக் கீழே வந்தது.

"டீ நல்லாத்தான் இருக்குண்ணே" என்றான்.

விரல்கள் அங்கேயே இருந்தன. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். எந்த இடத்தில் தம்பியின் உதடு நடுங்கத் தொடங்குகிறது என்று நிதானமாகத் தேடினார். கண்டுபிடித்ததும் அதே இடத்தில் மறுபடி அழுத்தினார். அந்த அறைப் பக்கமே வர மாட்டேன் என்ற மனைவி வாசற்படியில் வந்து நின்றதை அவர் பார்க்கவில்லை.

"என்னங்க" என்றாள் அவள். "போதும்."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் இன்னொரு தடவை சொன்னாள். அதன் பிறகுதான் விரலை எடுத்தார்.